மீறியவர் யார்?

கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா கேட்டு வருபவர், பாதை அடைபட்டவர், காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கப்பட்டவர் எனப் பலரும் மனுவோடு நிற்பார்கள். இத்தகைய மனுக்களில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘எனது உரிமை மீறப்பட்டுள்ளது.’ சிலர் ‘பறிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவார்கள், சிலர் ‘மறுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவார்கள். மூன்றும் ஒன்றுதானே, எதை எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், அவசரமில்லாமல் பேசுவோம்.

மறுப்பது என்றால், கேட்டதைத் தராமல் இருப்பது. பறிப்பது என்றால், இருந்ததை எடுத்துக்கொள்வது. பறித்த பிறகு உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மீறுவது வேறு. மீறுவதற்கு நடுவில் ஒரு கோடு வேண்டும். கோடு இல்லாத இடத்தில் யாரும் எதையும் மீற முடியாது. அதைவிட முக்கியம், மீறிய பிறகும் அந்தக் கோடு அங்கேயே இருக்கிறது.

இந்தச் சொல்லின் வேர் ‘மீ’. மேல், உயரம் என்பது அதன் பொருள். மீது, மீமிசை ஆகிய சொற்களில் அந்த மீயைக் காணலாம். மேலே போவது, அளவு கடந்து போவது, விதித்ததைத் தாண்டிப் போவது என்று பொருள் படிப்படியாக விரிந்திருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே வினை இதே பொருளில் உண்டு. ஆகவே இது நம் மொழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து. இப்படி வேர்ச்சொல் தேடும் வேலைக்குச் சிதம்பரத்தில் ஒரு மரபு இருக்கிறது. தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு சொற்களின் மூலத்தை ஆராய்ந்தார்.

பழந்தமிழில் இந்தப் பொருளுக்கு வேறு வினைகளும் இருந்தன: இகத்தல், கடத்தல், இறத்தல். இறத்தல் என்றால் முதலில் கடந்து போவது என்றுதான் பொருள். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தில் ‘இறப்பு’ என்ற சொல் வருகிறது. அங்கே அது சாவைக் குறிக்கவில்லை, ஒருவர் நம்மிடம் எல்லை கடந்து நடந்துகொள்வதைக் குறிக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சொல் உயிர் கடந்து போவதற்கு மட்டும் உரியதாகிவிட்டது. எல்லை கடப்பதைச் சொல்லும் பொறுப்பு ‘மீறு’க்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கோட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களையும் பாருங்கள். ‘வரம்பு மீறினான்’ என்கிறோம். வரம்பு என்பது வயல் வரப்புதான். இலங்கைத் தமிழர்கள் இன்றும் வரப்பை வரம்பு என்றே சொல்கிறார்கள். ‘அத்துமீறி நுழைந்து’ என்று காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையில் எழுதுவார்கள். அந்த ‘அத்து’ உருது வழியாக வந்த அரபுச் சொல். எல்லை என்று பொருள். வயலிலிருந்து ஒரு சொல், சர்க்கார் கணக்கிலிருந்து ஒரு சொல். இரண்டுக்கும் பின்னால் நின்று வேலை செய்வது அதே வினைதான்.

ஆங்கிலேயர் இதே கருத்துக்கு வைத்திருக்கும் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை. ஒன்றின் வேர் ‘உடைத்தல்’, இன்னொன்றின் வேர் ‘வன்முறை’, மற்றொன்றின் வேர் ‘அடியெடுத்துத் தாண்டுதல்’. அவர்கள் அதிகம் பயன்படுத்துவன உடைப்பும் வன்முறையும். நமது சொல்லோ தாண்டுதலின் பக்கம் நிற்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வீராணம் தண்ணீர் பாயும் ஊர்களில் கேட்டால் இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும். கரை உடைவது ஒன்று. கரை இருக்கும்போதே தண்ணீர் கரை மீறிப் போவது வேறொன்று. உடைந்தால் இனிமேல்தான் கரை கட்ட வேண்டும். மீறிப் போனால், கரை எது, எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே தாண்டியது என்பதையெல்லாம் மறுநாளே காட்டலாம். உரிமை மீறல் என்ற சொற்சேர்க்கையை நான் மதிப்பது இதனால்தான். மீறப்பட்ட உரிமை அழிந்துபோன உரிமையல்ல. அது இருக்கிறது என்பதால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது.

இந்த வினைக்கு ஒரு திசையும் உண்டு. அன்றாடப் பேச்சில் யார் யாரை மீறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை அப்பா பேச்சை மீறினான். மருமகள் மாமியார் சொல்லை மீறினாள். கூலிக்காரன் பண்ணையார் உத்தரவை மீறினான். இன்னார் ஊர்க் கட்டுப்பாட்டை மீறினார். எப்போதும் கீழே இருப்பவர்தான் மீறுபவர். மேலே இருப்பவர் கோடு போட்டவர். நெடுங்காலம் இந்த வினை, அதிகாரத்தில் இருப்பவர்கள் மற்றவர்கள்மேல் சொல்லும் குற்றச்சாட்டாகவே இருந்தது.

இதற்குச் சிதம்பரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆதனூர் நந்தனாரின் கதை உங்களுக்குத் தெரியும். தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதும், ‘நாளைப் போவேன்’ என்று நாள்களைத் தள்ளியதால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றதும் பெரியபுராணம் சொல்வது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியபோது, அதில் விடை கொடுக்காத பண்ணையார் ஒருவரைச் சேர்த்தார். அந்தக் கதையில் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டதே மீறல். நந்தன் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோடு ஊரார் போட்டது. அதைத் தாண்ட நினைத்தவன் குற்றவாளி.

அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் தொடங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1947இல் சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அந்த நாளிலிருந்து கோடு இடம் மாறியது. கோயில் வாசலில் நின்று உள்ளே போக விரும்புகிறவர் எதையும் மீறவில்லை; சாதி சொல்லி அவரை வாசலில் தடுக்கிறவர்தான் மீறுகிறார். வினை அதேதான், எழுவாய்தான் மாறியது. என்னைக் கேட்டால், இந்த நாட்டில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று இந்த எழுவாய் மாற்றம்.

அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். அதிலுள்ள உறுப்புகளில் பல அரசை நோக்கிப் பேசுபவை. 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது சுருக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்கிறது. 21ஆம் உறுப்பு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது. 22ஆம் உறுப்பு, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது. இவையெல்லாம் பலமுள்ளவருக்குப் போட்ட கோடுகள்.

இந்தக் கோடுகளுக்கு என்ன மதிப்பு என்பதைக் கடலூர் மாவட்டத்தின் ஒரு வழக்கு சொல்லும். விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தில் வாழ்ந்தவர் ராஜாகண்ணு, குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குறவர் சமூகத்தின்மீது பழைய சட்டம் ஒன்றின் நிழல் கிடக்கிறது. 1871இல் வெள்ளைக்காரர் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், தமிழ்நாட்டில் மக்கள் வாயில் ரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததையே குற்றமாக எழுதிவைத்து, காவல் நிலையத்தில் போய் ஆஜராகச் சொன்ன சட்டம் அது. அங்கே நடந்தது மீறல் அல்ல, பறிப்பு, சட்டமே பறித்துக்கொண்டது. அந்தச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. திருட்டு நடந்தால் முதலில் கதவு தட்டப்படுவது இந்தக் குடும்பங்களில்தான்.

1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் ராஜாகண்ணுவைத் தேடி வந்தார்கள். அவரையும் அவர் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் கொண்டுபோய் அடித்தார்கள். பிறகு, ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டி மீன்சுருட்டி அருகே அடையாளம் தெரியாத பிணம் ஒன்று கிடைத்திருந்தது.

பார்வதியிடம் நீதிமன்ற மொழி எதுவும் கைவசம் இல்லை. தெரிந்தது ஒன்றுதான்: கூட்டிப்போனவரைத் திரும்பக் காட்டு என்பது. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு வடிவம் இருக்கிறது, ஆட்கொணர்வு மனு. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நிற்க, வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த மனுவைக் கொண்டுபோனார். இந்த மனுவின் வலிமை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். காணாமல் போனவர் குற்றவாளியா, நல்லவரா என்று அது கேட்பதில்லை. அவர் நகையைத் திருடியிருந்தாலும், திருடாமல் இருந்தாலும் 21ஆம் உறுப்பும் 22ஆம் உறுப்பும் அவருக்கு உண்டு. கேள்வி கைது செய்தவரை நோக்கித் திரும்புகிறது: எந்த அதிகாரத்தில் கொண்டுபோனாய், எங்கே வைத்தாய், இப்போது எங்கே?

அதே 1993 மார்ச் மாதம் 24ஆம் தேதி டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒடிசாவின் நீலாபதி பெஹரா என்ற தாய், போலீஸ் கொண்டுபோன தன் மகன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்ததைக் கடிதமாக எழுதி அனுப்பினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. அங்கேயும் போலீசார் சொன்னது ‘தப்பி ஓடிவிட்டான்’ என்பதுதான். நீதிமன்றம் நம்பவில்லை. அடிப்படை உரிமையை அரசின் ஆட்கள் மீறினால் அரசே இழப்பீடு தர வேண்டும், ‘இறையாண்மை’ என்ற கேடயத்துக்குப் பின்னால் அரசு ஒளிந்துகொள்ள முடியாது என்று சொல்லி 1,50,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. முதனையில் ஒரு குடும்பம் ஆளைத் தேடிக்கொண்டிருந்த அதே மாதம்! அந்தத் தீர்ப்பைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர்களுக்குரிய கோடு அங்கே இன்னும் ஆழமாகக் கீறப்பட்டுக்கொண்டிருந்தது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகள் வந்தன. கைது குறிப்பாணையில் சாட்சி கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவற்றில் அடங்கும்.

ராஜாகண்ணு வழக்கில் இறுதி நியாயம் 2006இல் வந்தது. காவலில்தான் அவர் கொல்லப்பட்டார் என்று ஏற்று, சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. அதே ஆண்டு சந்துரு அந்த நீதிமன்றத்தின் நீதிபதியானார். 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு உலகமே இந்தக் கதையை அறிந்தது. படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டியிருந்தார்கள். நடந்தது குறவர் குடும்பத்துக்கு. 13 ஆண்டு நீண்ட காலம்தான். போன உயிர் வரவில்லை. ஆனால் 13 ஆண்டு கழித்தும் ஒரு நீதிமன்றம் ‘இங்கே கோடு இருந்தது, நீங்கள் தாண்டினீர்கள்’ என்று சொல்ல முடிந்தது. ரேகைச் சட்டத்தின் காலத்தில் அப்படிச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் வழி இருந்திருக்காது.

இன்னொரு டீ சொல்லலாம், ஏனென்றால் அடுத்த விஷயம் கொஞ்சம் சிக்கலானது. உரிமையை எந்த வகையில் கட்டுப்படுத்தினாலும் அது மீறலா? இல்லை. இதற்கும் சிதம்பரம்தான் பாடம்.

நடராசர் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களுடையதா, அரசுடையதா என்ற வழக்கு நீண்டது. 1951இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஒருமுறை போய்த் தீட்சிதர்களுக்குச் சாதகமாக முடிந்தது. பிறகு செயல் அலுவலர் நியமனம் வந்தது, மறுபடி வழக்கு. 2014 ஜனவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: 26ஆம் உறுப்பின்படி ஒரு சமயப் பிரிவுக்குத் தன் நிறுவனத்தை நிர்வகிக்கும் உரிமை உண்டு, நிர்வாகத்தில் கேடு இருந்தால் அரசு தலையிடலாம், ஆனால் அந்தக் கேட்டைச் சரிசெய்ய வேண்டிய காலத்துக்கு மட்டும். கேடு நீங்கிய பிறகும் கையில் வைத்திருந்தால் அது உரிமை மீறல். இங்கே கோடு இடத்தில் மட்டுமல்ல, காலத்திலும் இருக்கிறது. இன்று முறையான தலையீடாக இருப்பது, காரணம் தீர்ந்த மறுநாள் மீறலாக மாறும்.

அதே கோயிலில் பக்தர்களின் உரிமை என்ற மறுபக்கமும் இருக்கிறது. திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட விரும்பிய சிவனடியார் ஆறுமுகசாமி தடுக்கப்பட்டார். 2008இல் அரசு ஆணை பிறப்பித்த பிறகு போலீஸ் பாதுகாப்போடு பாடினார். 2022இல் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று இன்னோர் அரசாணை வந்தது. நிர்வகிப்பவரின் உரிமை எங்கே முடிகிறது, வழிபடுபவரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்று இரண்டு கோடுகளும் ஒரே மேடையில் சந்திக்கும்போது, இரண்டு பக்கமும் ‘என் உரிமையை மீறினார்கள்’ என்றே சொல்லும். அப்போது உரத்துச் சொல்பவரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. எந்தக் கோடு, அதை வரைந்தது யார், அரசியலமைப்பின் எந்த உறுப்பு, எந்த நிபந்தனையோடு என்று பொறுமையாகப் படித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பலம் உள்ளவர்களும் இந்தச் சொல்லைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வதுண்டு. சட்டமன்றச் செய்திகளில் ‘உரிமை மீறல் பிரச்சினை’ என்று படித்திருப்பீர்கள். அங்கே உரிமை என்பது அவையின் சிறப்புரிமை. 1987 ஏப்ரலில் அட்டைப்படத்தில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. கண்டனம் எழுந்து சில நாள்களிலேயே விடுவித்தார்கள். அவர் அத்தோடு விடவில்லை. உயர் நீதிமன்றம் போய், தம்மைச் சிறையில் அடைத்தது தவறு என்று தீர்ப்பு வாங்கினார். அடையாள இழப்பீடு ஆயிரம் ரூபாய். உரிமை மீறல் என்று குற்றம் சாட்டிய அவையே உரிமையை மீறியிருந்தது. திசையைச் சரிபார்க்காமல் இந்த வினையை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனி மனுவுக்கு வருவோம். 1993இல் வந்த மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மனித உரிமை ஆணையம் விசாரிக்கக்கூடியவற்றைச் சொல்லும்போது பொது ஊழியர் செய்த மீறல், மீறலுக்குத் துணைபோனது, மீறலைத் தடுப்பதில் காட்டிய அலட்சியம் என எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அடித்தவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று கதவைச் சாத்தியவரும், தடுக்கும் பொறுப்பிருந்தும் பேசாமல் இருந்த அதிகாரியும் அந்த வினைக்குள் வருகிறார்கள். நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு மாவட்ட அளவில் மனித உரிமை நீதிமன்றம் அமைக்கவும் வழி செய்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவ வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மனுவை எழுதும்போது ‘உரிமை மீறப்பட்டுள்ளது’ என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது, மீறியவர் மட்டும் இல்லை. செயப்பாட்டு வினை அவரை வெளியே அனுப்பிவிடுகிறது. ‘இன்ன தேதி, இன்ன நேரம், இந்தப் பதவியில் இருக்கும் இவர், இந்த விதிக்கு மாறாக இதைச் செய்தார்’ என்று எழுதுங்கள். கோட்டைச் சொல்லுங்கள், தாண்டியவரைச் சொல்லுங்கள், எங்கே தாண்டினார் என்று சொல்லுங்கள். அப்படி எழுதிய மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். அதை எழுதுகிறவர் யாரிடமும் தயவு கேட்கவில்லை. 1950 முதல் தமக்குரியதாக இருக்கும் கோட்டைத்தான் காட்டுகிறார்.